சூறாவளி போன பிறகு வரும் தபால்கள்

கேள்வி இது: ஒரு தம்பதிக்குத் தென்மேற்கு ஃபுளோரிடாவில், ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் வேலை அமைந்திருக்கிறது. “சூறாவளி அடித்த ஊராமே, விலைவாசி எல்லாம் ஏறிக் கிடக்கிறதாமே, எப்போது பழையபடி இறங்கும்? வந்ததும் வீடு வாங்கிவிடலாமா, வாடகைக்கு இருந்து பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் அந்த ஊர் இருக்கும் லீ கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பதினாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். இயன் சூறாவளி 2022 செப்டம்பர் 28 அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கில் கேயோ கோஸ்டா தீவில் கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். நாங்கள் கடலோரத்திலிருந்து தள்ளி இருந்த ஒரு நண்பர் வீட்டில், ஜன்னல் இல்லாத உள்ளறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். (2004இல் சார்லி சூறாவளியும் இதே தீவில், ஏறக்குறைய இதே வேகத்தில்தான் கரையேறியது. “சார்லியையே பார்த்துவிட்டோம்” என்று சொல்லிப் பல பழைய ஆட்கள் வீட்டைவிட்டு நகராமல் இருந்தார்கள். சார்லி சின்ன உருவம், பெரும்பாலும் காற்று. இயன் கடலையே தூக்கிக்கொண்டு வந்தது.) அடுத்த வருஷம் எங்கள் காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) சங்கத்தின் பொருளாளர் பதவி, கொஞ்சம் கணக்கு தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக என் தலையில் கட்டப்பட்டது. ஆகவே கீழே சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி ரசீதுகளைப் புரட்டித் தெரிந்துகொண்டது.

முதலில் சுருக்கமான பதில். கடையில் ஏறும் விலை சில வாரங்களில் இறங்கிவிடும். தபாலில் வந்து ஏறும் விலை இருக்கிறதே, அது இறங்குவதில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது முட்டை விலைக்கு அல்ல.

முதல் நாலைந்து நாள் விலை என்ற பேச்சே இங்கே இல்லை. வாங்குவதற்குப் பொருள் இல்லை, இருந்தாலும் பணம் கொடுக்க வழி இல்லை. மின்சாரமும் செல்போன் கோபுரமும் போனால் கார்டு தேய்க்கும் இயந்திரம் வெறும் பிளாஸ்டிக் டப்பா. ஏடிஎம்மும் அப்படியே. வங்கியில் எவ்வளவு இருந்தாலும் பர்ஸில் இருக்கும் நோட்டுதான் பணம். அதிலும் இருபது டாலர் நோட்டை நீட்டினால் சில்லறை கிடையாது; பத்து டாலர் ஐஸ் இருபது டாலர் ஆவது பேராசையால் மட்டுமல்ல, சில்லறை இல்லாததாலும்தான். அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் சூறாவளிப் பருவம் தொடங்கும் ஜூன் மாதம் வந்தால் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக முந்நூறு டாலர் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும்.

மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஒரு பெரிய விருந்து நடந்தது. சந்தோஷத்துக்கு அல்ல. எல்லார் வீட்டு ஃப்ரீசரும் உருக ஆரம்பித்துவிட்டது, கெட்டுப்போவதற்குள் தின்றுவிட வேண்டும். ஒருவர் வீட்டு இறால், ஒருவர் வீட்டு மாட்டிறைச்சி, எங்கள் வீட்டில் அரைத்து வைத்திருந்த இட்லி மாவு, எல்லாம் ஒரே கேஸ் அடுப்பில் வரிசையாக வெந்தன. அதுவரை முகம் பார்த்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் ஏழு தோசை சாப்பிட்டார். அந்த வாரம் செலவே ஆகவில்லை என்று நினைத்தோம். ஃப்ரீசரைக் காலி செய்யாதவர்கள் பத்து நாள் கழித்து வீடு திரும்பி, ஃப்ரிட்ஜைத் திறக்கப் பயந்து, கதவைச் சுற்றி டேப் ஒட்டி, அப்படியே தெரு ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாம்பல் நிற டேப் சுற்றிய வெள்ளை ஃப்ரிட்ஜுகள் தெரு நெடுக நின்றதை இன்னமும் மறக்க முடியவில்லை. அப்புறம் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் புது ஃப்ரிட்ஜ் வேண்டும். எங்கே கிடைக்கும்?

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. ஃபுளோரிடாவில் சுத்திகரிப்பு ஆலை ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதி கப்பலில் டாம்பா, எவர்கிளேட்ஸ் போன்ற துறைமுகங்களுக்கு வந்து, அங்கிருந்து டேங்கர் லாரியில் போகிறது. புயல் நெருங்கினால் துறைமுகத்தை மூடுகிறார்கள். ஆகவே விலை ஏறுவதற்கு முன் பெட்ரோலே தீர்ந்துவிடும். 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி வந்தபோதும் இதே கதை. துறைமுகம் திறந்ததும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். மளிகைக் கடையும் அப்படித்தான். பெரிய கடைகளிடம் சொந்த ஜெனரேட்டரும் சொந்த லாரியும் உண்டு. இங்கே ‘வாஃபிள் ஹவுஸ்’ என்ற உணவகச் சங்கிலியை வைத்தே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஃபுளோரிடாவின் பேரிடர்த் துறைக்கும் பிறகு மத்திய அரசின் ஃபீமாவுக்கும் தலைவராக இருந்த கிரெய்க் ஃபுகேட் சொல்லிப் பிரபலமானது: கடையில் முழு மெனு கிடைத்தால் ஊர் பச்சை, குறைந்த மெனு என்றால் மஞ்சள், கடையே மூடிக்கிடந்தால் சிவப்பு.

அநியாய விலைக்குச் சட்டமும் உண்டு. ஆளுநர் அவசரநிலை அறிவித்ததும், தண்ணீர், ஐஸ், பெட்ரோல், மரப்பலகை, ஓட்டல் அறை, வீட்டு வாடகை உட்பட அத்தியாவசியமானவற்றை முந்தைய 30 நாள் சராசரி விலையைவிட மிக அதிகமாக விற்றால் குற்றம். ஒரு மீறலுக்கு 1,000 டாலர், ஒரே நாளில் பல மீறல் என்றால் 25,000 டாலர் வரை அபராதம். ‘மிக அதிகம்’ என்றால் எவ்வளவு என்று சட்டத்தில் எண் கிடையாது, செலவு கூடியதைக் காட்டினால் விற்றவர் தப்பிக்கலாம். அப்படி இருந்தும் கடைக்காரர்களுக்குப் பயம் இருக்கிறது. ஆகக் கடை விலை விஷயத்தில் ஊர் அவ்வளவு மோசமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, புயலின் மேல் போடும் பழியில் கொஞ்சம் அநியாயம் உண்டு. 2022 ஜூனிலேயே, இயன் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே, நாடு முழுக்க விலைவாசி உயர்வு 9.1 சதவீதம், நாற்பது வருஷத்தில் காணாத அளவு. இங்கே பலர் அதையும் சேர்த்து இயன் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஆரஞ்சும் அப்படித்தான். ஃபுளோரிடாவின் ஆரஞ்சு விளைச்சல் 2021-22 பருவத்தில் சுமார் 4.1 கோடிப் பெட்டி, அடுத்த பருவத்தில் 1.6 கோடிக்கும் குறைவு. இயன் உதிர்த்த காய்கள் அதில் நிறைய. ஆனால் இலை மஞ்சளாகும் ‘கிரீனிங்’ நோய் அந்தத் தோப்புகளைப் பல வருஷமாகவே அரித்துக்கொண்டிருந்தது.

சரி, இனி நிஜமான செலவுக்கு வருவோம். அது முதலில் கூரையில் ஆரம்பிக்கிறது.

சூறாவளி அடித்த மறுவாரம் ஊர் முழுக்க நீலத் தார்ப்பாய். ஷிங்கிள் (ஓடு மாதிரி கூரைமேல் பதிக்கும் தகடு) பறந்த கூரைகளுக்கு ராணுவப் பொறியாளர் பிரிவு இலவசமாகவே தார்ப்பாய் அடித்துத் தரும். அது ஒரு மாதத்துக்கான ஏற்பாடு. எங்கள் எதிர்வீட்டில் பதினோரு மாதம் இருந்தது. ராத்திரி காற்றடித்தால் அது படபடக்கும் சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்ளும். ஏன் பதினோரு மாதம் என்றால், கூரை போடும் ஆள் கிடைக்கவில்லை. ஒரு கவுன்டியில் வழக்கமாக ஒரு வருஷத்துக்கு மாற்றும் கூரைகளைப்போலப் பல மடங்கை ஒரே மாதத்தில் மாற்ற வேண்டும் என்றால், ஆளும் இல்லை, ஷிங்கிளும் இல்லை, அனுமதி முத்திரை குத்தும் அலுவலகத்தில் கையும் இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் இதை ‘டிமாண்ட் சர்ஜ்’ என்பார்கள். பெருவெள்ளத்தில் படகுக்காரன் கேட்டதுதான் கூலி, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் டெக்சஸ், டென்னசி, ஜார்ஜியா நம்பர் பிளேட்டுடன் பிக்கப் டிரக்குகள் வந்து இறங்கும். அவர்களில் நல்லவர்கள் நிறைய, அவர்கள் வராவிட்டால் ஊர் எழுந்திருக்காது. ஆனால் கதவைத் தட்டி “பாதி முன்பணம், அடுத்த வாரம் வேலை” என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை. எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் அப்படி 9,000 டாலர் கொடுத்தார். வந்தவர் பழைய ஷிங்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனவர்தான், அப்புறம் போனை எடுக்கவில்லை. ஃபுளோரிடாவில் கூரை வேலைக்கு மாநில உரிமம் வேண்டும். எண்ணை வாங்கி இணையத்தில் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கலாம். மொத்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கினால் 30 நாளுக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. ஒழுகும் கூரையின் கீழ் நிற்பவருக்கு இதெல்லாம் நினைவில் வராது என்பதுதான் சிக்கல்.

அடுத்தவர் அட்ஜஸ்டர். நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள். அவர் வீட்டுக்குள் வந்ததும் கூரையைப் பார்க்க மாட்டார். சுவரில் தண்ணீர் விட்டுப்போன பழுப்புக் கோட்டைத் தேடி, குனிந்து, டேப்பை வைத்துத் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளப்பார். அந்தக் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டு இன்சூரன்ஸ் காற்றுக்குப் பணம் தரும், வெள்ளத்துக்குத் தராது. வெள்ளத்துக்குத் தனி இன்சூரன்ஸ். பெரும்பாலும் 1968இல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டத்தில் வாங்குவது. அதில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், வீட்டுச் சாமானுக்கு 1,00,000 டாலர். காற்று கூரையைப் பிய்த்து, அதே மணி நேரத்தில் கடல் வாசலில் நுழைந்தால், எது எதைக் கெடுத்தது? ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் தரையிலிருந்து 10 முதல் 15 அடி உயரம் ஏறியது. பல வீடுகளில் அடித்தளம் மட்டும் மிச்சம். அளக்கக் கோடே இல்லை. இரண்டு கம்பெனியும் மற்றதைக் கைகாட்ட, வீட்டுக்காரர் நடுவில் நின்றார்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு பள்ளம் உண்டு. வெள்ள இன்சூரன்ஸ், வீடு சரியாகும்வரை நீங்கள் வேறு இடத்தில் தங்கும் வாடகையைத் தராது. வீட்டு இன்சூரன்ஸ் தரும், ஆனால் வீடு காற்றால் கெட்டிருந்தால் மட்டும். ஆகக் கடல் நுழைந்த குடும்பம் ஒரு பக்கம் வீட்டுக் கடன் தவணை, இன்னொரு பக்கம் வாடகை என்று இரண்டையும் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடகை வீடுகளும் அதே கடலில் மூழ்கியிருக்கும். மிஞ்சியதற்கு எல்லாரும் போட்டி. ஃபீமா வாடகை உதவி உண்டுதான், அளவு குறைவு, காகிதம் அதிகம்.

அப்புறம் டிடக்டிபிள். ஊரில் இன்சூரன்ஸ் என்றால் முதல் ஐந்நூறு, ஆயிரம் நம் கையிலிருந்து, மீதி கம்பெனி என்று நினைப்போம். இங்கே சூறாவளிக்கு மட்டும் தனி டிடக்டிபிள், அதுவும் பெரும்பாலும் சதவீதத்தில்: 2, 5 அல்லது 10. வீடு 4,00,000 டாலருக்கு இன்சூரன்ஸ் செய்திருந்து 2 சதவீதம் என்றால் முதல் 8,000 உங்களுடையது. கூரை ரிப்பேர் 7,000 ஆனால் கம்பெனி தருவது பூஜ்யம். பிரீமியம் குறைகிறதே என்று 5 சதவீதத்தை எடுத்தவர்கள் இயனுக்குப் பிறகு 20,000 டாலருக்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது அடிபட்டவர்கள் கதை. ஒரு ஓடுகூட நகராத வீட்டுக்கும் தபால் வந்தது, உங்கள் கேள்விக்கு முக்கியமானது அதுதான்.

என்னுடன் வேலை பார்ப்பவர் ஒரு மதியம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். “வட்டி மாறாத கடன் என்றுதானே வாங்கினேன், தவணை எப்படி ஏறும்?” எண்களைப் புரிவதற்காக முழுமையாக்கிச் சொல்கிறேன். இங்கே வீட்டுக் கடன் வாங்கினால் இன்சூரன்ஸையும் சொத்து வரியையும் வங்கியே மாதாமாதம் உங்களிடம் வசூலித்து ‘எஸ்க்ரோ’ என்ற கணக்கில் வைத்துக் கட்டும். அவருடைய பிரீமியம் 3,000 டாலரிலிருந்து 5,400 ஆனது. வங்கி அதைக் கட்டிவிட்டது, கணக்கில் 2,400 குறைந்தது. வருஷம் முடிந்து கணக்குப் பார்த்த வங்கி என்ன செய்யும்? போன வருஷக் குறை 2,400ஐப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 200. இந்த வருஷத்துக்கும் 5,400 வேண்டுமே, அதற்கு இன்னொரு மாதம் 200. ஆக ஒரே கடிதத்தில் தவணை 400 டாலர் ஏறியது. வட்டி அப்படியேதான் இருக்கிறது. கோபித்துக்கொண்டு இன்சூரன்ஸையே விட்டுவிட்டால் வங்கி தானாக ஒன்றை வாங்கி வைத்து அதற்கும் வசூலிக்கும். அது இன்னும் விலை அதிகம், காப்பதும் குறைவு.

பிரீமியம் ஏன் அப்படி ஏறியது? இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தங்களுக்கு இன்சூரன்ஸ் வாங்குகின்றன, பெர்முடாவிலும் லண்டனிலும் மியூனிக்கிலும் இருக்கும் பெரிய கம்பெனிகளிடம். ஃபுளோரிடா கம்பெனிகளுக்கு அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் ஜூன் 1 அன்று புதுப்பிக்கப்படும். சூறாவளிப் பருவம் ஆரம்பிக்கும் அதே நாள். இயனின் மொத்தச் சேதம் 11,000 கோடி டாலருக்கு மேல், ஃபுளோரிடா வரலாற்றிலேயே பெரியது. அதற்கு அடுத்த ஜூன் 1இல் அந்த மொத்த வியாபாரிகள் விலையைக் கடுமையாக ஏற்றினார்கள். அந்த ஏற்றம் ஃபோர்ட் மையர்ஸ் பீச்சோடு நிற்காது. நானூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு கிளை முறியாத ஊரில் இருக்கும் வீட்டுக்கும் பங்கு பிரியும்.

பழியை இயன் மேல் மட்டும் போடவும் முடியாது. அமெரிக்காவின் வீட்டு இன்சூரன்ஸ் வழக்குகளில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில் நடந்துகொண்டிருந்தன. கூரைக்காரர் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, கிளெய்மைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, கம்பெனி மேல் வழக்குப் போடுவது ஒரு தொழிலாகவே இருந்தது. 2022இல் மட்டும் ஆறு கம்பெனிகள் திவாலாயின. திவாலான கம்பெனியின் பாக்கி கிளெய்ம்களை ஒரு மாநிலச் சங்கம் தீர்க்கும். அந்தப் பணத்தை மற்ற எல்லார் பாலிசியிலும் ஒரு சதவீதம் போலப் போட்டு வசூலிக்கும். யாரோ ஒருவரின் கம்பெனி மூழ்கினால் உங்கள் பில்லிலும் ஒரு தொகை கூடும். 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி அந்தக் கையெழுத்து வியாபாரத்தை நிறுத்தினார்கள். தனியார் யாரும் எடுக்காதவர்களுக்காக 2002இல் மாநிலம் உண்டாக்கிய ‘சிட்டிசன்ஸ்’ நிறுவனத்தில் 2023இல் 14 லட்சம் பாலிசி வரை சேர்ந்திருந்தது. அதன் பிறகு புதுக் கம்பெனிகள் வந்து அந்தக் கூட்டம் குறைந்திருக்கிறது. ஏறும் வேகமும் தணிந்திருக்கிறது. மூன்றாம் மாடிக்கு ஏறிய பிறகு படி ஏறுவதை நிறுத்தியிருக்கிறோம். கீழே இறங்கியதாக நினைத்துவிடாதீர்கள்.

காண்டோவில் இருந்தால் இன்னொரு தபால். கட்டடம் முழுவதற்குமான பாலிசியைச் சங்கம் வாங்கும், அதன் டிடக்டிபிளைச் சங்கம் கட்ட வேண்டும், சங்கம் என்றால் நீங்கள்தான். எங்கள் சங்கம் அப்படி ஒரு சிறப்பு வசூல் கடிதம் அனுப்பியபோது கையெழுத்து என்னுடையது. ஒரு மாதம் லிஃப்டில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 2021 ஜூன் 24இல் மயாமி பக்கம் சர்ஃப்சைடில் ஒரு காண்டோ இடிந்து 98 பேர் இறந்த பிறகு வந்த சட்டம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய கட்டடங்களுக்குப் பரிசோதனையும் சேமிப்பு நிதியும் கட்டாயம் என்கிறது. அது நல்ல சட்டம். அந்தப் பணம் புயல் பணத்தோடு ஒரே சமயத்தில் கேட்கப்பட்டதுதான் இங்கே பலரை விற்றுவிட்டுப் போக வைத்தது.

மின்சார பில்லிலும் புயல் உண்டு. கம்பங்களை நட்ட செலவை, மாநில ஆணையத்தின் அனுமதியோடு, தனிக் கட்டணமாகப் போட்டு வசூலிப்பார்கள். இயனுக்கு 2023இல் வந்தது. ஹெலீன், மில்டன் சூறாவளிகளுக்காக 2025இல் 1,000 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு மாதம் 10 டாலருக்கு மேல் வந்தது.

ஊரே மாறிப்போவதற்குக் காரணம் ‘50 சதவீத விதி’. வெள்ள மண்டலத்தில் இருக்கும் வீட்டின் ரிப்பேர் செலவு, நிலத்தை விட்டுக் கட்டடத்தின் மதிப்பில் மட்டும் பாதியை எட்டினால், பழையபடி கட்ட முடியாது. இன்றைய விதிப்படி தூண்மேல் உயர்த்த வேண்டும். கடற்கரையில் ஐம்பது வருஷத்துச் சின்ன வீடு, நிலம் பொன், கட்டடம் உதாரணத்துக்கு 1,20,000 டாலர். 60,000 டாலர் ரிப்பேர் என்றால் போச்சு. தூக்கிக் கட்டப் பல லட்சம் வேண்டும். ஓய்வூதியக்காரர் நிலத்தை விற்றுவிட்டுப் போவார், அங்கே மூன்று மாடி எழும். அந்தச் சின்ன வீடுகளிலும் டிரெய்லர் பார்க் எனப்படும் மலிவான நகர்த்தும் வீடுகளின் வளாகங்களிலும்தான் இந்த ஊரின் சமையல்காரர், துப்புரவுப் பெண், இறால் படகு ஆள் எல்லாரும் குடியிருந்தார்கள். அவர்கள் இப்போது ஒரு மணி நேரம் கார் ஓட்டி வருகிறார்கள். உணவகத்தில் சாப்பாட்டு விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்டீர்களானால், மீன் விலையால் அல்ல. மீன் வறுப்பவர் குடியிருக்க இடம் இல்லாததால். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு நியூ ஆர்லீன்ஸில் ஒரு பர்கர் சங்கிலிக் கடை வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் இருப்பவர்களுக்கு 6,000 டாலர் தருவதாகச் சொல்லி ஆள் தேடியது. அதே நோய்தான்.

இந்த விதியை ஊர் கண்டும்காணாமல் விட்டால் அதற்கும் விலை உண்டு. 2024இல் லீ கவுன்டியும் சுற்றியிருக்கும் ஊர்களும் இயனுக்குப் பிந்தைய கட்டுமானத்தைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று சொல்லி, வெள்ள இன்சூரன்ஸில் இருந்த 25 சதவீதத் தள்ளுபடியை எடுத்துவிடப்போவதாக ஃபீமா அறிவித்தது. பெரும் அமளிக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு அதை அப்படியே விட்டுவைத்தது.

உங்கள் இரண்டாவது கேள்வி. முதல் ஒரு வருஷம், குறைந்தது ஒரு சூறாவளிப் பருவம், வாடகைக்கு இருங்கள். வாடகைக்காரர் இன்சூரன்ஸ் வாங்குங்கள். அதிலும் வெள்ளம் சேராது, சாமானுக்கு மட்டும் தனி வெள்ளப் பாலிசி மலிவாகவே கிடைக்கும். வங்கி கட்டாயப்படுத்தும் வெள்ள மண்டலத்தில் வீடு இல்லை என்பதால் தண்ணீர் வராது என்று நம்பிவிடாதீர்கள், இயன் மண்டலம் பார்த்து வரவில்லை.

வீடு பார்க்கும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன் கூரைக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். 15 வருஷம் தாண்டிய கூரை என்றால் பல கம்பெனிகள் முகம் சுளிக்கும். 2002க்குப் பிறகு கட்டியதா என்று கேளுங்கள். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்து, 11 இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் சாய்த்த பிறகு வந்த கட்டட விதி 2002 முதல்தான் மாநிலம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. காற்றுத் தடுப்புப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். கூரையைச் சுவரோடு கட்டியிருக்கும் இரும்புப் பட்டையின் படம் அதில் இருந்தால் பிரீமியம் கணிசமாகக் குறையும். 2024 அக்டோபர் முதல் விற்பவர் வெள்ளக் கிளெய்ம் வாங்கியிருந்தாரா என்று எழுதித் தர வேண்டும், அதை வாங்கிப் படியுங்கள். விலை பேசுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் ஒரு மதிப்பீடு வாங்குங்கள், எஸ்க்ரோவோடு சேர்த்துத் தவணை எவ்வளவு என்று பாருங்கள். ஊர் விஷயத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி பாப்காக் ரான்ச் என்று ஒரு புது நகரம் இருக்கிறது. சூரிய மின்சாரம், மின்கம்பி எல்லாம் பூமிக்கடியில். இயன் நேராக மேலே போயும் அங்கே விளக்கு அணையவில்லை. கடல் தெரியாது, அதனால் என்ன.

கடைசியாக ஒரு தேதிக் கணக்கு. அரசு வெள்ளப் பாலிசி வாங்கியதிலிருந்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வீட்டுக் கடன் முடியும்போது அதோடு சேர்த்து வாங்கினால் மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. டிவியில் புயலின் பாதை தெரிந்த பிறகு போன் செய்து பயன் இல்லை. இங்கே மோசமானவை ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் பாதிவரை வருகின்றன. நீங்கள் ஜூலையில் வருவதாக இருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.